சின்ன விரலை நீட்டிய பெரியண்ணை

என் இரண்டு அண்ணன்மாரும் நாற்பது வருடங்களுக்கு மேலாக என் வாயால்தான் பேசிக்கொண்டார்கள். மொன்றியலில் மூவரும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கிறோம். ஞாயிறு மதியம் என் வீட்டில் சாப்பாடு. ஒரே மேசையில் எதிரெதிரே இருந்துகொண்டு, "சொதியை இஞ்சாலை தள்ளச் சொல்லு அவனை" என்பார் பெரியண்ணை. "எட்டி எடுக்கச் சொல்லு அவரை" என்பார் சின்னண்ணை. எனக்கு விசர் பிடிக்கும். "நானென்ன தபால்காரியோ?" என்று கத்திவிட்டு, சொதியை நானே தள்ளிவிடுவேன்.

எல்லாம் ஒரு ஜனாதிபதித் தேர்தலால் வந்த வினை. ஊரில் சண்டை பெரிதாக வெடிப்பதற்கு முந்தைய வருடம் அது. பெரியண்ணை வெங்காயமும் மிளகாயும் செய்கிற தோட்டக்காரர். முன்பு ஒரு ஆட்சியில் வெளிநாட்டு வெங்காயத்தை உள்ளே விடாமல் தடுத்திருந்தார்கள்; எங்கள் வீட்டில் கல்வீடு எழும்பியது அந்தக் காலத்தில்தான். அப்போது ஆண்ட கட்சியின் ஆள் இந்தத் தேர்தலில் நின்றார். சின்னண்ணை அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். இது எங்கட தேர்தல் இல்லை, தமிழர் ஒருவரும் வோட்டுப் போடக் கூடாது என்று சைக்கிளில் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவர்.

பெரியண்ணை போய்ப் போட்டுவிட்டு வந்தார். இடது கைச் சின்ன விரலில் மை. "ஆருக்குப் போட்டனீங்கள்?" என்று சின்னண்ணை முற்றத்தில் மறித்துக் கேட்டார். "வெங்காயத்துக்கு" என்றார் பெரியண்ணை. "வெங்காயத்துக்குச் சனத்தை வித்துப்போட்டீங்கள்!" அவ்வளவுதான். அன்று பின்னேரம் கிணற்றடியில் பெரியண்ணை சாம்பல் போட்டு அந்த விரலைத் தேய்த்ததை நான் பார்த்தேன். தோல்தான் உரிந்தது, மை போகவில்லை.

அடுத்த வருடம் நாடே எரிந்தது. சின்னண்ணை இங்கே வந்து டவுன்டவுன் சமையலறைகளில் கோப்பை கழுவினார். பெரியண்ணை போர் முடிந்த பிறகு, மகளின் தயவில் வந்தவர். தோட்டமும் போய், தோட்டத்தை நம்பி வோட்டுக் கேட்டவர்களும் போய், கோபம் மட்டும் பத்திரமாக இரண்டு பேரோடும் வந்து சேர்ந்திருந்தது.

இந்த வருடம் பெரியண்ணைக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் என்றார்கள். இந்த வயதில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். அதற்கு முன் இரண்டு பேரும் ஒரு சொல்லாவது நேரே பேசிவிட வேண்டும் என்று நான் கெஞ்சினேன். "அவன் முதலிலை கதைக்கட்டும்" என்றார் ஒருவர். "மூத்தவர் அவர்தானே" என்றார் மற்றவர். இரண்டு மாடுகள்!

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் இங்கே தேர்தல். பெரியண்ணை புதுசாகக் குடியுரிமை எடுத்தவர், முதல் வோட்டு. "செத்தாலும் போட்டிட்டுத்தான் சாவன்" என்று நின்றார். சின்னண்ணை கார் கொண்டுவந்தார். வழக்கம்போல முன்னுக்கு நான், பின்னுக்குப் பெரியண்ணை.

பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசை. அங்கேயும் நடுவில் நான்தான். மேசையில் இருந்த பிள்ளை "போன்ஜூர்" சொல்லி, பெரியண்ணையின் அட்டையைப் பார்த்துச் சரி என்றாள். பெரியண்ணை நகரவில்லை. இடது கையை மேசைமேல் வைத்து, சின்ன விரலை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

என்னை இடித்துக்கொண்டு சின்னண்ணை முன்னுக்குப் போனார். அந்த விரலைப் பிடித்துத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"அண்ணை, இஞ்சை மை பூசிறேல்லை. நீங்கள் போய்ப் போடுங்கோ."

பெரியண்ணை திரும்பிப் பார்த்தார். என்னை அல்ல. தலையாட்டிவிட்டு வோட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

வெளியே வந்ததும் காரின் முன் கதவைத் திறந்து அவரே ஏறிக்கொண்டார். நான் பின்னுக்கு ஏறினேன். கொஞ்சத் தூரம் போனதும் பெரியண்ணை கேட்டார்.

"ஆருக்குப் போட்டனான் எண்டு நீ கேக்கேல்லையே?"

"கேக்கமாட்டன். நாளைக்கு நல்லபடியா எழும்பி வாங்கோ, அது காணும்."

எழும்பி வந்தார். கதைக்கக்கூடியதாக வந்ததும், கட்டிலடியில் நின்ற எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நான் பழக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்தேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் தண்ணி தாடா" என்றார்.

எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. சுவரோடு சாய்ந்து நின்று வாய்விட்டு அழுதேன்.