முத்திரையை நம்பி ஒரு வாரம்

கொட்டகலையில் மூன்று மாடிக் கட்டடமொன்றின் மேல்மாடியில் டியூஷன் நடத்தினேன். லேசான நில அதிர்வுக்கு மறுநாள் தூணில் வெடிப்பைக் கண்டு, உரிமையாளரிடம் கட்டட வரைபடத்தைக் கேட்டேன்.

"பாடம் சொல்லிக் குடுக்கத்தானே வந்தீங்க? அத மட்டும் பாருங்க," என்று வரைபடத் தாளை மேசையில் வீசினார்.

அதிலிருந்த அனுமதி முத்திரையை நம்பி, இன்னும் ஒரு வாரம் பிள்ளைகளை அங்கேயே உட்காரவைத்தேன். அது என் பிழை.

பிறகுதான், எனக்குத் தெரிந்த ஒரு பொறியியலாளரிடம் அந்த வரைபடத்தைக் காட்டினேன். "டீச்சர், இது கீழ்மாடிக்கு மட்டும் எடுத்த அனுமதிங்க. மேல ரெண்டும் பிறகு ஏத்தினது. நில அதிர்வுக்குக் கணக்குப் போட்டதா ஒரு வரிகூட இல்ல," என்றார்.

அன்றே வகுப்பை மூடி, பெற்றோரிடம் காரணத்தைச் சொன்னேன்.

"ஏன் என் பொழப்பக் கெடுக்கிறீங்க?" என்று உரிமையாளர் தெருவில் வழிமறித்தார்.

"பிள்ளைங்க உயிர வச்சு என்ன பொழப்பு?" என்றேன்.

இப்போதெல்லாம் எந்தக் கட்டடத்தில் வகுப்பு தொடங்கினாலும், பொறியியலாளர் வரைபடத்தையும் கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பிள்ளைகளைப் படியேற விடுகிறேன்.