யாரும் பேசாத பெஞ்சு

பிளம் க்ரீக் கல்லூரியில் டுவேன் ராத்கேயைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் இல்லாமல் காரியம் ஓடாது என்பது தெரிந்தவர்கள்தான் குறைவு. பேஸ்பால் அணியில் பந்து எறிகிற பையன்களுக்கு அவர் கோச். தலைமைக் கோச் வேறு ஆள். அவர் பேட்டி கொடுப்பார். டுவேன் பஸ் ஓட்டுநருக்கு வழி சொல்வார், ஆட்டத்துக்கு முன் பையன்களின் போன்களை ஒரு துணிப்பையில் வாங்கி வைப்பார், சூரியகாந்தி விதைத் தோலைக் கண்ட இடத்தில் துப்புகிறவர்களைத் திட்டுவார். கல்யாணம் ஒருமுறை நடந்தது. வசந்தம் முழுக்க வெளியூரில் கிடக்கும் மனிதரோடு ஒரு பெண் எத்தனை வருஷம்தான் குடித்தனம் நடத்துவாள்?

அவருக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. கல்லூரிக் காலத்தில் அவரே எறிந்த ஓர் ஆட்டம். எட்டு இன்னிங்ஸ் முடிந்தும் எதிரணி ஒரு ஹிட் கூட, ஓடி இடம் பிடிக்கிற மாதிரி ஓர் அடி கூட, அடிக்கவில்லை. மிச்சம் ஒன்பதாவது இன்னிங்ஸ் மட்டும்; அதையும் அப்படியே முடித்தால் எறிகிறவனுக்கு ஆயுசுக்கும் பேர். இப்படிப்பட்ட நாளில் எறிகிறவனோடு யாரும் பேசக் கூடாது, பக்கத்தில் உட்காரக் கூடாது, நடப்பதை வாய்விட்டுச் சொல்லவே கூடாது. ஆனால் ஓர் அவசரக்குடுக்கை வந்து தோளைத் தட்டி, "இன்னும் மூணு அவுட்டுதான்டா!" என்றான். அடுத்த பந்தே ஹிட். அந்த ஆளோடு டுவேன் இன்றுவரை பேசுவதில்லை. கிறுக்குத்தனம்தான். பேஸ்பால்காரர்களிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள், உதை விழும்.

அந்த ஏப்ரலில் அணி தெற்கு டகோட்டாவுக்குப் போனது. வெள்ளிக்கிழமை தோல்வி. சனிக்கிழமை இரண்டு ஆட்டங்கள், இரண்டிலும் மண்ணைக் கவ்வினார்கள். ஞாயிறும் தோற்றால் சீசனையே மூட்டை கட்டிவிடலாம்.

"கோச், நாளைக்கு நாங்க பஸ்லயே உக்காந்துக்கறோம். அங்க யாரும் எங்கள அடிக்க மாட்டாங்க," என்றான் பந்து பிடிக்கிற கேட்சர் பிராடி.

"தாராளமா உக்காரு. மேல இல்ல, கீழ மூட்டை வைக்கிற எடத்துல," என்றார் டுவேன்.

ஞாயிற்றுக்கிழமை எறிய வேண்டியவன் கெலன் வோக்ட். இரண்டாம் வருஷ மாணவன், சோளம் விதைக்கிற குடும்பம். அவன் அப்பா ராய்க்குப் புற்றுநோய். ஆஸ்பத்திரி கைவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தது. கெலன் இந்தப் பயணத்துக்கு வர மறுத்தான். "இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்து என்னடா பண்ணப்போற? போய் எறி," என்று விரட்டியவர் ராய்தான். டுவேன் அவன் அம்மா மார்லிஸிடம் தன் எண்ணைக் கொடுத்து, "எந்த நேரம்னாலும் கூப்பிடுங்க. நான் அவன்கிட்ட போனைக் குடுக்கறேன்," என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

ஞாயிறு கெலன் எறிந்த பந்துகளை எதிரணிக்காரர்கள் காற்றில் தேடினார்கள். நாலாவது இன்னிங்ஸுக்குப் பிறகு பெஞ்சில் பேச்சு குறைந்தது. ஆறாவது முடிந்து அவன் வந்து உட்கார்ந்தபோது, ஒட்டுவாரொட்டிக்காரனைக் கண்டதுபோல எல்லோரும் மறுகோடிக்கு நகர்ந்தார்கள். கெலன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டான். ஒரு ஹிட் கூட இல்லை. அப்போதுதான் டுவேனின் போன் அதிர்ந்தது.

"கோச், மூச்சு மாறிடுச்சு," என்றார் மார்லிஸ். "இன்னும் கொஞ்ச நேரம்தான்னு நர்ஸ் சொல்றாங்க. ஆனா காது கேக்குமாம். ஸ்பீக்கர்ல போட்டு அவர் பக்கத்துல வச்சிருக்கேன். கெலன்கிட்ட குடுங்க. ஒரு நிமிஷம் போதும்."

கெலன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான்.

"அவன் இப்ப நடு மைதானத்துல எறிஞ்சிட்டிருக்கான், மார்லிஸ். வந்ததும் குடுக்கறேன்," என்றார் டுவேன், தாழ்ந்த குரலில்.

போனைக் காதிலிருந்து இறக்கும்போது கெலன் துண்டை விலக்கினான். "கோச், யாரு போன்ல?"

"யாரும் இல்லடா. நீ பேசாம உக்காரு."

போன் சட்டைப்பைக்குள் போனது. பையனின் நல்லதுக்காகத்தான் என்று அப்போது தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். சுத்தப் பொய். தனக்குக் கிடைக்காதது தன் கையில் வளர்ந்தவனுக்காவது கிடைக்க வேண்டும், அதைத் தான் பார்க்க வேண்டும் என்ற ஆசை, வேறொன்றும் இல்லை. இன்னும் மூன்று இன்னிங்ஸ்தானே, ராய் தாங்குவார் என்று கணக்குப் போட்டார். ஒரு மனிதனின் கடைசி மூச்சை இன்னிங்ஸ் கணக்கில் அளக்க எந்த மைதானத்தில் கற்றாரோ! ஏழாவதில் போன் மறுபடி அதிர்ந்தது. எட்டாவதிலும் அதிர்ந்தது. அவர் பைக்குள் கை விடவில்லை.

கடைசி ஆள் வெறும் காற்றை அடித்துவிட்டுத் திரும்பினான். பையன்கள் கெலன்மேல் விழுந்து புரண்டார்கள். பிராடி ஐஸ் தண்ணீர் வாளியை அவன் தலையில் கவிழ்த்தான். டுவேன் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கிப் போய் மார்லிஸைக் கூப்பிட்டார். ராய் எட்டாவது இன்னிங்ஸ் நடந்த நேரத்தில் போய்விட்டிருந்தார்.

"கெலன், அம்மா இப்பதான் கூப்பிட்டாங்க. அப்பா போயிட்டாருடா," என்றார் திரும்பி வந்து. இந்தப் பொய் முந்தியவற்றைவிடச் சுலபமாக வந்தது. அது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற கெலன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "அப்பாவுக்கு ஆட்டம் எப்படிப் போச்சுன்னு தெரியுமா?"

"தெரியலடா," என்றார் டுவேன்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சி வைத்த பன், உருளைக்கிழங்கு, காப்பி. டுவேனும் அதே மேஜையில்தான் இருந்தார். கெலன் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு அம்மாவிடம் திரும்பினான்.

"ஏம்மா, கொஞ்சம் முன்னாடியே கோச்சுக்கு ஒரு போன் அடிச்சிருக்கக் கூடாதா? எப்பேர்ப்பட்ட ஆட்டமா இருந்தாலும் அவர் எங்கிட்ட குடுத்திருப்பாரு."

மார்லிஸ் டுவேனை ஒரு முறை பார்த்தார். "தோணலடா எனக்கு. அப்பாவ விட்டு நகர முடியல."

கெலன் முகம் இறுகிப்போய் எழுந்து வெளியே போனான். மார்லிஸ் சமையலறைக்குப் போனார். டுவேன் பின்னாலேயே ஓடினார்.

"மார்லிஸ், நான் போய் உண்மையச் சொல்லிடறேன். செஞ்சது நான். நீங்க எதுக்கு ஏச்சு வாங்கணும்?"

"நான் அம்மா, கோச். எங்கிட்ட கோவிச்சுக்குவான், அப்புறம் சாப்பாட்டுக்கு வந்துதானே ஆகணும்? உண்மை தெரிஞ்சா இனிமே பந்தையே தொட மாட்டான். ராய் அதுக்கா அவன அனுப்பினாரு?" மார்லிஸ் காப்பி ஊற்றிக்கொண்டே பேசினார். "உங்களக் காப்பாத்தறதுக்காக நான் சொல்லல. உங்க மனசு லேசாகணும்னு அந்தப் புள்ள தலையில எதையும் எறக்கி வைக்காதீங்க. நீங்களே வச்சுக்குங்க."

"அவன் எறிஞ்சிட்டிருக்கான்னு உங்ககிட்ட நான்..."

"எறியல. பெஞ்சுல இருந்தான். தெரியும்."

டுவேன் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க போனைக் கட் பண்ணவே இல்ல, கோச். 'யாரு போன்ல?'ன்னு கேட்டான் பாருங்க, அந்தக் குரலுக்கு ராய் கண்ணத் தொறந்துட்டாரு. நான்தான்டான்னு சொல்ல வாயெடுத்தாரு. அதுக்குள்ள நீங்க பதில் சொல்லிட்டீங்க."

மார்லிஸ் காப்பிக் கூஜாவை எடுத்துக்கொண்டு, காத்திருந்தவர்களுக்கு ஊற்றப் போனார்.