கடலடி மலைக்காகக் கோயம்புத்தூருக்கு

பங்குனி மாதத்து வியாழக்கிழமை. காலை ஐந்து மணிக்கு நானும் என் மச்சான் சவரியும் தூத்துக்குடியில் பஸ் ஏறினோம். இருவருமே அதற்கு முன் மதுரையைத் தாண்டியதில்லை. மீன் பிடிக்கிறவர்களுக்குக் கோயம்புத்தூரில் என்ன வேலை என்று கண்டக்டரே கேட்டார்.

எங்கள் கரையிலிருந்து இரண்டு மணி நேரம் படகில் போனால் கடலுக்கடியில் ஒரு மலை இருக்கிறது. எங்கள் பேச்சில் அதன் பெயர் ‘பார்’. ஈயக்குண்டு கட்டிய கயிறு சட்டென்று தட்டும்போதுதான் அது இருப்பது தெரியும். மாசி முதல் சித்திரை வரை களவா மீன்கள் அங்கே கூடிச் சினைவிடும். வருடத்துக்கு வருடம் மீன் சிறுத்து வந்ததால், அந்த மூன்று மாதம் பார்ப்பக்கம் போவதில்லை என்று ஊர்கூடி முடிவெடுத்தோம். ஆனால் கோயம்புத்தூர் மீன் வியாபாரி இஸ்மாயில் பாய் களவாதான் கேட்கிறார் என்று இரண்டு படகுகள் போய்வந்தன. மற்றவர்களும் கிளம்புவதற்குள் அவரைப் பார்த்துவிட வேண்டும்.

பழனியில் பஸ் மாறியபோது மணி பன்னிரண்டு. உடுமலைப்பேட்டையைச் சுற்றித் தென்னந்தோப்புகள், தெற்கே தொடர்ந்து மலை. சவரி பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு வந்தான். உடம்பு சரியில்லையோ என்று பக்கத்திலிருந்த விவசாயி ஒருவர் தன் பையிலிருந்து கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார்.

நாலேகாலுக்கு உக்கடத்தில் இறங்கினோம். இஸ்மாயில் பாய் ஐஸ்பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார். வந்த காரியத்தைச் சொல்ல வாயெடுத்தேன். “ஊட்டுக்கு வாங்க தம்பி. சாப்பிட்டுப்போட்டுப் பேசிக்கலாமுங்க” என்று கோட்டைமேட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனார்.

அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா இலையில் சோறு வைத்து, விருந்தாளிகளுக்கென்றே பொரித்த மீன்சினையைத் தட்டு நிறைய எடுத்துவந்தார். மரியாதைக்கு நான் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். சவரி அதைத் தொடவே இல்லை.

“ருசி சரியில்லீங்களா கண்ணு?” என்றார் அக்கா.

சவரி தலைகுனிந்தபடி சொன்னான்: “அதில்லக்கா. இது எங்க பாருல உள்ள களவா. இந்த மூணு மாசந்தான் அங்க கூடும். இந்தச் சினையையும் தின்னுட்டா அப்புறம் எங்களுக்கு ஒண்ணும் கிடையாது.”

அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அக்கா தட்டைப் பார்த்தபடி நின்றார். ஒவ்வொரு மீனை அறுக்கும்போதும் சினை இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டதாகச் சொன்னார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “ஏனுங்க, மூணு மாசந்தானுங்களே.”

அக்கா தட்டை எடுத்துப்போய்த் தயிரும் ஊறுகாயும் கொண்டுவந்தார். சாப்பிட்டு முடித்ததும் பாய் எங்களை எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிப்போய், அந்த இரண்டு படகுக்காரர்களிடமும் பேசினார். சித்திரை கழியும்வரை களவா வேண்டாம், அயிலையும் சாளையும் அனுப்புங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு கருமத்தம்பட்டி போனார். கோயம்புத்தூரிலிருந்து அவிநாசி ரோட்டில் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். தறிச் சத்தத்துக்கு நடுவே ஓர் ஓட்டல். அதன் முதலாளி கவுண்டர்தான் பாயிடம் களவாவை அதிகம் வாங்குகிறவர். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகவே கேட்டார். காப்பி வாங்கிக் கொடுத்தார். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற மீனைத்தான் அவரால் போட முடியும். வேறு வியாபாரியைப் பார்த்துக்கொள்வதாக, கோபமில்லாமல் சொல்லிவிட்டார். திரும்பும் பஸ்ஸில் எங்களுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பாய் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

தொழுகை முடிந்து வந்து, இரண்டு மணி பஸ்ஸில் எங்களை ஏற்றிவிட்டார். ஜன்னலைப் பிடித்தபடி, “அந்த மலை எத்தனை உசரமுங்க தம்பி? நானு கடலே பாத்ததில்லீங்க” என்றார்.

“நாங்களும் அந்த மலையக் கண்டதில்ல பாய்” என்றான் சவரி.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்த ஊர்க்காரர்களுக்குக் கண்ணெதிரே அவ்வளவு மலை இருக்கிறது. நம் மலையோ நம் கண்ணுக்கே தெரியாது. கடலையே பார்க்காத ஒருவர் அதற்காக ஒரு பெரிய வாடிக்கையை இழந்துவிட்டார் என்றேன். அந்த இரண்டு படகுக்காரர்களில் மூத்தவர் எழுந்து, வேறு வியாபாரி வந்து கேட்டாலும் சித்திரை முடியும்வரை பாருக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.