சின்னக்கானலில் மரிம்பா கற்றுத்தந்த ரோஸ்லின் அக்கா

சின்னக்கானலிலிருந்து தங்கத்தின் போன் வந்தபோது நான் பொள்ளாச்சிப் பக்கம் கோபாலபுரத்தில், பள்ளியில், மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், ரோஸ்லின் அக்கா போயிட்டாக. தல சுத்துதுன்னு உக்காந்தாக, எந்திரிக்கல." தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க கிளம்புங்க டீச்சர், கிளாஸை நான் பாத்துக்கறனுங்க" என்றார். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மலையேறினேன்.

அக்காவை உங்களில் பலர் அறிவீர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சின்னக்கானல் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். நர்ஸாகி ஜிம்பாப்வேயில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுபெற்று அண்ணன் ஆரோக்கியத்தின் வீட்டுக்குத் திரும்பியபோது, அங்கே கற்றுக்கொண்ட மரிம்பாவையும் மனத்தில் கொண்டுவந்தார். மரச்சட்டங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழாய் தொங்கவிட்டு, ரப்பர் உருண்டை மாட்டிய கோலால் அடிக்கிற வாத்தியம் அது. சிறியது, நடுத்தரம், பெரியது என்று பலவற்றைப் பலர் சேர்ந்து வாசித்தால்தான் ஒரு பாட்டு.

மூணாறு பக்கத்துப் பள்ளிவாசல் எஸ்டேட்டில் இடித்த பழைய கட்டடமொன்றின் வேங்கை உத்தரங்களை வாங்கி, ஆசாரியோடு உட்கார்ந்து தானே சுரம் கூட்டினார். சட்டத்தின் அடியில் நடுப்பகுதியைச் செதுக்கினால் சுரம் இறங்கும், முனையைக் குறைத்தால் ஏறும். பிளாஸ்டிக் குழாய்களின் அடியில் துளையிட்டு மெல்லிய தாள் ஒட்டினார். அதனால் ஒவ்வொரு அடிக்கும் வண்டு இரைவதுபோல ஒரு சத்தம் கூடவே வரும். முதல்முறை கேட்ட பங்குத்தந்தை, "என்ன ரோஸ்லின், கரகரங்குது, ரிப்பேரா?" என்று கேட்டார். "ரிப்பேர் இல்ல ஃபாதர். இரைஞ்சாத்தான் அது மரிம்பா" என்றார் அக்கா.

கோயில் ஹாலில் மாலையில் வகுப்பு. வந்தவர்கள் எல்லாரும் தோட்டத்துப் பெண்கள். அப்போது அங்கே பள்ளியில் வேலை பார்த்த நானும் போய்ச் சேர்ந்தேன். எனக்குப் பெரிய மரிம்பா கிடைத்தது.

தங்கமும் புஷ்பமும் அதே ஹாலுக்கு வந்ததுதான் எங்களுக்கு ஆச்சரியம். தங்கத்தின் மகளுக்கும் புஷ்பத்தின் மகனுக்கும் கோயிலில் கல்யாணத்தை அறிவித்து ஓலை வாசித்த பிறகு, புஷ்பம் வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்று விலகிவிட்டார்கள். அந்தப் பெண் போடியில் வேறொருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். தாய்மார் இருவரும் ஒரே நிரையில் கொழுந்து பறித்தாலும் முகம் பார்ப்பதில்லை. அக்காவோ அவர்களுக்கு நடுத்தர மரிம்பாக்கள் இரண்டையும் எதிரெதிரே போட்டார்.

"அவளோட நான் நிக்க மாட்டேன்க்கா" என்றாள் தங்கம்.

"அவளோட பேசவா சொன்னேன்? அவ விடுற எடத்துல நீ அடி. அது போதும்."

அக்கா சொல்லித்தந்த பாட்டின் அமைப்பே அப்படி. ஒருத்தி விடுகிற இடத்தில் மற்றவள் அடிக்க வேண்டும். இருவரும் உம்மென்று நின்று வாசித்தார்கள். மாதக்கணக்கில் ஒரு வார்த்தை கிடையாது. ஒருமுறை புஷ்பம் காய்ச்சலில் படுத்து, ஒரு வாரம் வரவில்லை. தங்கம் தனியாக அடித்துப் பார்த்துவிட்டு, "என்னமோ நொண்டுதுக்கா" என்று கோலைக் கீழே வைத்தாள். "நொண்டத்தான் செய்யும்" என்றார் அக்கா. அன்று தங்கம் நேராகப் புஷ்பத்தின் வாசலில் போய் நின்று, "எப்ப வருவ?" என்று கேட்டாளாம். உள்ளே போகவில்லை. மன்னிப்பு, கண்ணீர் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து இருவரும் பேசினார்கள்.

அன்று நான் மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டு முற்றத்தில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் ஹாலிலிருந்து மரிம்பாக்களைத் தூக்கி வந்திருந்தார்கள். ஆரோக்கியம் அண்ணன் கையை விரித்து மறித்தார். "கோயில் பாட்டு போதும். துட்டி வீட்டுல என்ன ஆப்பிரிக்கா கொட்டு? ஊரு சிரிக்கும்."

பதில் சொன்னது புஷ்பம். "அண்ணே, அங்கெல்லாம் துட்டி வீட்டுல பாட்டு நிக்கவே நிக்காதுன்னு அக்கா சொல்லிருக்காக. நின்னுட்டா வீட்டுக்காரவுக தனியாப் போயிருவாகளாம். உங்களத் தனியா விட எங்களுக்கு மனசில்லண்ணே."

அண்ணன் விரித்த கையை இறக்கினார். பிறகு, "ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லிவிட்டு, சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். நாங்கள் வாசித்தது உங்களுக்குத் தெரியும். நன்றாக வாசித்தோம் என்று சொல்ல மாட்டேன், பாதிப்பேர் அடியைத் தவறவிட்டார்கள். முடிந்ததும் அக்காவின் பெட்டியைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். அப்போது ஆரோக்கியம் அண்ணன் எழுந்து வந்து, என் முன்னால் இருந்த பெரிய மரிம்பாவின் ஒரு முனையைப் பிடித்தார். "கல்லறைல யாரு வாசிப்பா? பிடிங்கப்பா இத." மேட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டம் வரை, தங்கையின் பெட்டிக்குப் பின்னால் அதைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பயிற்சியில் யாராவது தப்பவிட்டால் அவர் பாட்டை நிறுத்த மாட்டார், முறைக்கவும் மாட்டார். "விட்டுப்போனத விடு. சுத்தி வரும், அப்ப ஏறிக்க" என்பார். போன திங்கட்கிழமை என் வகுப்பில் எல்லாரும் சேர்ந்து பாட்டுப் படித்தபோது, காவியா வரியைத் தவறவிட்டு விழித்தாள். நான் யாரையும் நிறுத்தவில்லை. அவள் பக்கத்தில் போய், காதருகில் அதையே சொன்னேன். அடுத்த வரி வந்தது. ஏறிக்கொண்டாள்.