கடலைத் தாண்டியவளைத் தேடி ரிங்லெட்டுக்கு

நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது ஒரு வெள்ளைத் துணியில்தான். எங்கள் தோட்டம் பிரிஞ்சாங் என்ற மலை ஊருக்கு மேலே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் இருந்தது. எப்போதாவது அரசாங்கப் பட வேன் மலையேறி வரும். பந்தாடும் திடலில் கோல் கம்பங்களுக்கு நடுவே துணியைக் கட்டி, இருட்டியதும் படம் காட்டுவார்கள். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அப்பாவின் கடைசித் தங்கையான அத்தை என்னைக் கம்பளிக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

எங்களுக்குப் புத்தி சொல்லாமல் அந்த வேன் திரும்பியதே இல்லை. அன்றைக்கும் முதலில் ஈக்களைப் பற்றி ஒரு படம் ஓடியது. அடுத்த படத்தில் ஒரு பழைய விமானம் நின்றது. பக்கத்தில் தோல் சட்டையும் கால்சட்டையும் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள். படம் இங்கிலீஷில் பேசியது. படம் ஓட்டுகிறவர் மலையடிவாரத்துத் தாப்பா ஊர்க்காரர், தமிழர். மைக்கைப் பிடித்து எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"இந்தம்மா ஒத்தையா பெருங்கடலைத் தாண்டப் போறாங்க. கூட ஆள் கிடையாது. நடுவுல இறங்க இடம் கிடையாது. கீழ தண்ணி, மேல மழை. கண் அசந்தா அவ்ளோதான்."

விமானம் குலுங்கிக் குலுங்கி ஓடி, மனசில்லாமல் எழும்புவதுபோல் எழும்பியது. அப்புறம் தண்ணீர்தான். எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர், மலைப்பாதையில் எங்களுக்குக் கீழே இருந்த ரிங்லெட் ஊரின் அணைக்கட்டு ஏரி. அதற்கு அக்கரை உண்டு. இதற்கு எந்தப் பக்கமும் எதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சரிவிலிருந்து பனி இறங்கியது. எங்களுக்கும் துணிக்கும் நடுவே வந்து நிறைந்தது. துணியில் விழ வேண்டிய படம் அந்தப் பனியிலேயே விழுந்தது. விமானம் எங்கள் தலைக்கு மேலே பெரிதாகி, வெளிறி, ஆடி ஆடிப் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. அத்தையின் கை என்னை இறுக்கியதில் எனக்கு மூச்சு முட்டியது. பிறகு மழை கொட்டத் தொடங்கியது. மெஷினைப் படுதாவால் மூடிக்கொண்டே தாப்பாக்காரர், "இன்னிக்கு அவ்ளோதான் லா, வீட்டுக்குப் போங்க" என்றார்.

அவள் கரை சேர்ந்தாளா என்று தெரியாமலே எல்லோரும் நனைந்துகொண்டு ஓடினோம்.

மறுநாள் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் அதே பேச்சுதான்.

"சேர்ந்திருப்பா. இல்லன்னா மெனக்கெட்டு ஊர் ஊரா வந்து படம் காட்டுவானுங்களா?" என்றார் அப்பா.

சித்தப்பா விடவில்லை. "அது சரிண்ணே. நடுக்கடல்ல படம் புடிச்சவன் எங்க உக்காந்திருந்தான்? அவன் இருந்தான்னா அவ எப்படி ஒத்தையா போனதா ஆவும்?"

அத்தை மட்டும் இந்த வாதத்தில் கலந்துகொள்ளவில்லை. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் போய் விசாரித்தாள். அவருக்கும் அந்தப் பெண்ணின் கதி தெரியவில்லை. ஆனால் வேன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரிங்லெட்டில் ஒரு மண்டபத்தில் அதே படத்தைக் காட்டப்போகிறது என்பது தெரிந்திருந்தது.

"ரிங்லெட்ல ஜாக்கெட் துணி மலிவாம் அண்ணே. போய்ட்டு வரேன். பாப்பா துணைக்கு வரும்" என்று அத்தை அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல துணைதான்" என்றார். ஆனால் தடுக்கவில்லை. அந்த நாட்களில் அவர் அத்தையோடு அதிகம் பேசுவதில்லை. வீட்டில் யாராவது பினாங்கு என்று சொல்லிவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். பினாங்கு என்பது ஏதோ கெட்ட வார்த்தை என்று நான் நினைத்திருந்தேன்.

பஸ் வளைவுகளில் இறங்க இறங்க எனக்குக் குமட்டியது. ரிங்லெட்டில் துணிக்கடைப் பக்கமே நாங்கள் போகவில்லை. மண்டபத்து ஜன்னல்களைச் சாக்கால் மூடியிருந்தார்கள். முதலில் ஈக்கள் படம் வந்து போனது. அந்தப் பெண் மறுபடியும் சிரித்தாள், மறுபடியும் எழும்பினாள். மேகத்துக்குள் போனாள், வெளியே வந்தாள், மறுபடி போனாள். இரவு வந்தது. இன்ஜின் பக்கம் நெருப்பு தெரிந்தது. அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கடைசியில், தண்ணீரின் விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது.

அது கரை. அவள் போக நினைத்த ஊர் அது இல்லையாம். ஏதோ ஒரு புல்வெளியில், மேய்ந்துகொண்டிருந்த மாடுகளுக்கு நடுவே விமானத்தை இறக்கிவிட்டாள். அவள் கதவைத் திறந்து இறங்கி நின்றபோது மண்டபமே கைதட்டியது. அத்தை தட்டவில்லை. அவளுடைய கன்னம் நனைந்திருந்தது.

கூட்டம் கலைந்ததும் நான் ஓடிப்போய்ச் சித்தப்பாவின் சந்தேகத்தை அந்தத் தாப்பாக்காரரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"கெளம்புனதும் எறங்குனதும் நெசம் பாப்பா. நடுவுல உள்ளது அப்புறமா சேர்த்தது. நடுக்கடல்ல என்ன நடந்துச்சுன்னு அந்தம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும்."

பின்னாலேயே வந்து நின்ற அத்தை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அண்ணே, அவங்க எறங்குன ஊருல அவங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தாங்களா?"

"ஒருத்தரும் இல்லம்மா. மாடுங்கதான். அப்புறம் ஒரு விவசாயி ஓடி வந்தாரு. அவரு வீட்டுலதான் தண்ணி வாங்கிக் குடிச்சாங்களாம்."

அத்தை தலையாட்டிக்கொண்டாள். அந்த விமானக்காரிக்காகக் கவலைப்படுகிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வருடம் முடிவதற்குள் அவள் ஒரு பெட்டியோடு பினாங்குக்குப் போய், ரேடியோ சாமான் செய்யும் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எங்கள் லயத்திலிருந்து துணைக்கு யாரும் இல்லாமல் மலையிறங்கிய முதல் பெண் அவள்தான்.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தாப்பாவுக்குப் போகும் பஸ் வந்து நின்றது. அத்தை அதன் கண்டக்டரிடம் போய், காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, தாப்பாவில் இறங்கி எந்த பஸ் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் விசாரித்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"அத்தை, இது கீழ போற பஸ்ஸு. நம்ம வீடு மேல இருக்கு."

"தெரியுண்டி" என்றாள். பஸ் கிளம்பி வளைவில் மறைகிறவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வழி தெரியாமல்தான் அப்படி நிற்கிறாள் என்று நினைத்து, அவள் எங்கேயும் தவறிப் போய்விடாதபடி நான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.