விடைக்குறிப்பில் இருந்த கிட்னி

‘செவ்வாய். பயிற்சித் தேர்வு. மூன்று பேர். காலையிலேயே புழுக்கம். ஒரு கிட்னியைக் காணவில்லை.’

சென்ற வாரம் என் டயரியில் எழுதிய குறிப்பு இவ்வளவுதான். முதலில் புதன் என்று எழுதி, காலண்டரைப் பார்த்துச் செவ்வாய் என்று திருத்தியிருக்கிறேன். கிழமை விஷயத்தில் நான் கறார். கிட்னி விஷயத்தில் அன்று காலை அவ்வளவு கறாராக இல்லை... அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இந்தப் பத்தியைப் படித்துவரும் உங்களுக்குத் தெரியும் — நான் ராயபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் இருட்டு அறையில் உட்கார்ந்து ஸ்கேன் பார்க்கிற டாக்டர். கூடவே, எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர்களுக்கு ஆறு மாதம் அல்ட்ராசவுண்ட் சொல்லித்தருகிறேன். முடிவில் தேர்வு. அதில் தேறினால்தான் தனியாக ஸ்கேன் செய்யலாம்.

சொல்லிக்கொடுப்பது சுலபம். கூட நின்று கவனிப்பது கொஞ்சம் கஷ்டம். தேர்வு வைப்பதுதான் கொடுமை. ஏன் தெரியுமா? கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வயிற்றில் வைத்த புரோபை, அதாவது ஸ்கேன் மெஷினின் கைக்கருவியை, இரண்டு விரல் தள்ளினால் ஈரல் முழுசாகத் தெரியும். எனக்குத் தெரிகிறது, தேர்வு எழுதுகிறவருக்குத் தெரியவில்லை. சொல்லக் கூடாது. தொடக் கூடாது. பிள்ளை கார் ஓட்டப் பழகும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்த அம்மாக்களுக்கு இது புரியும். இல்லாத பிரேக்கைக் கால் தானாக அழுத்தும்.

தேர்வு இப்படித்தான் நடக்கும். ஒரு நோயாளி. ஒருவருக்கு இருபது நிமிடம். வயிற்றில் இருக்கிற உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். பின்னால் நாற்காலியில் இரண்டு தேர்வாளர்கள் — ஒன்று நான், இன்னொருவர் வெளியிலிருந்து வருபவர். இந்த முறை டாக்டர் சபேசன். சட்டை மடிப்பு கலையாத மனிதர். எங்கள் கையில் விடைக்குறிப்பு இருக்கும். அன்று காலையில் அதே நோயாளியை நானே ஸ்கேன் செய்து தயாரிப்பது.

செவ்வாயன்று அதுதான் நடக்கவில்லை. ஏற்பாடு செய்திருந்தவர் காசிமேட்டு மீனவர். பித்தப்பையில் அழகான கல். காலையில் போன் வந்தது.

“மீனு நல்லா கீதுன்னு நம்ம போட்டு கெளம்பிடுச்சு டாக்டரம்மா. கல்லு எங்க ஓடிடப்போவுது? அடுத்த மாசம் வரேன்.”

என்ன செய்வது? நெஞ்செரிச்சல் என்று ஸ்கேனுக்கு வந்து வரிசையில் காத்திருந்தவரைக் கேட்டோம். பெயர் இருசப்பன். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். டாக்டர்களுக்குப் பரீட்சை, உங்களை வைத்து நடத்தலாமா என்றேன்.

“நானே எந்தப் பரீட்சையும் எழுதினது இல்ல. என்னை வெச்சு எழுதுறாங்களா? எழுதட்டும்,” என்றார்.

அவர் மனைவி கஸ்தூரிக்குத்தான் விருப்பமில்லை. “நாஷ்டா கூட துன்னாம இட்டுகினு வந்துகீறேன். சீக்கிரம் வுட்டுருங்கம்மா.”

இருசப்பன் கையில் பழைய ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்று இருந்தது, வேறெங்கோ எடுத்தது. ஈரலில் லேசான கொழுப்பு, மற்றதெல்லாம் நார்மல். இரண்டு சிறுநீரகங்களும் நார்மல்.

“மணி ஆயிடுச்சு மேடம். அதான் ரிப்போர்ட் இருக்கே, அதையே குறிப்பா வெச்சுக்கலாம்,” என்றார் சபேசன். நானும் தலையாட்டினேன்.

முதலில் வந்தவர் கௌதம். கை வேகம், வாய் அதைவிட வேகம். ஈரல், பித்தப்பை, மண்ணீரல் என்று வரிசையாகச் சொன்னார். வலது கிட்னி, இடது கிட்னி இரண்டையும் அளந்து சென்டிமீட்டர் கணக்கு வேறு கொடுத்தார். இடப்பக்கம் திரையில் நீள்வட்டமாக ஏதோ இருந்தது. எனக்கும் அது கிட்னியாகத்தான் தெரிந்தது. டிக் போட்டேன். அடுத்து வந்தவரும் இரண்டும் நார்மல் என்றார். இன்னொரு டிக்.

மூன்றாவது, யசோதரா.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வியாசர்பாடிப் பெண். திருவொற்றியூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் டியூட்டி டாக்டர். அங்கே ஸ்கேன் மெஷின் இருக்கிறது. பார்க்கிற டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறார். மற்ற நாட்களில் வயிற்று வலியோடு வருகிறவரை, வரிசைகட்டி நிற்கும் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் ஏற்றி, டோல்கேட் பக்கத்து ஸ்கேன் சென்டர் வரைக்கும் அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் பயிற்சிக்கு வந்தார். போன முறை தேர்வில் ஃபெயில். அந்த முறை நான் லீவு, வேறு தேர்வாளர்கள். நேரத்துக்குள் முடிக்கவில்லை என்று காரணம். எங்கள் விதிப்படி இந்த முறையும் தவறினால் ஆறு மாதப் பயிற்சியும் முதலிலிருந்து. அந்த நர்சிங் ஹோம், இன்னொரு ஆறு மாதம் லீவு கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டது.

வலப்பக்கம் நன்றாகவே போயிற்று. இடப்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

இருசப்பனை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். விடச் சொன்னார். திரும்பவும் பிடிக்கச் சொன்னார். மேலே, கீழே, முதுகுப் பக்கம். நிமிடங்கள் போய்க்கொண்டிருந்தன. மனசுக்குள் நான் அவரை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன். அதோ இருக்கிறதே, அந்த நீள்வட்டம்... சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போம்மா.

“மேடம், லெஃப்ட் கிட்னி அதோட இடத்துல இல்ல.”

சபேசன் ஒரு வழி திறந்துவிட்டார். “குடல்ல காத்து இருக்கு, சரியா தெரியல. அப்படித்தானே சொல்ல வர்றீங்க?”

அதற்கு ‘ஆமாம் சார்’ என்று சொன்னால் போதும். பாதி மார்க் கிடைத்துவிடும்.

“இல்ல சார். இடம் நல்லா தெரியுது. இது குடல். கிட்னிதான் இங்க இல்ல.”

சபேசன் விடைக்குறிப்பைப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்தார். அது பெருக்கல் குறி போடப்போகிற பேனா.

அதற்குள் திரைச்சீலை விலகியது. கணவனின் சட்டையைக் கையில் பிடித்தபடி கஸ்தூரி.

“இன்னா கண்ணு சொன்ன? கிட்னி இல்லியா?”

யாரும் பதில் சொல்வதற்கு முன் அவர் இருசப்பன் பக்கம் திரும்பிவிட்டார். “யோவ். எப்ப வித்த?”

“இன்னாம்மே பேஜாரு பண்ற. நான் எங்க வித்தேன்?”

“நெல்லூருக்கு லோடு அடிக்கப்போறேன்னு போயி பத்து நாளு வர்லியே, அப்பவா?”

“அது வண்டி மக்கர் பண்ணிச்சும்மே.”

“வண்டி மக்கர் பண்ணிச்சா, உன்னைப் படுக்க வெச்சு அறுத்தாங்களா? யாருக்குக் குட்த்த, சொல்லு.”

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. கிட்னி விற்றவர் யாரையாவது, அல்லது அவர் வீட்டாரையாவது தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் உண்டு. கஸ்தூரியின் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. இன்னும் இரண்டு நிமிடத்தில் இவர்கள் வெளியே போவார்கள். இந்தக் கேள்வியும் கூடவே வீட்டுக்குப் போகும்.

யசோதரா புரோபை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். இதுவரை எங்களிடம் பேசிய தமிழ் வேறு. இப்போது வந்தது வியாசர்பாடி.

“யக்கா, இங்க வந்து பாரு. வித்துருந்தா விலாப் பக்கம் வெட்டுக் காயம் இர்க்கணும்ல? தையல் எதனா கீதா பாரு.”

கஸ்தூரி குனிந்து, ஜெல்லை விரலால் வழித்துவிட்டுப் பார்த்தார். முன்னால், பின்னால்.

“தையலு இல்ல. அழுக்குதான் கீது.”

“அப்ப விக்கல. எங்கியோ கீது. இரு, தேடி எடுத்துத் தர்றேன்.”

மணி அடித்தது. இருபது நிமிடம் முடிந்தது.

“டைம், டாக்டர்,” என்றார் சபேசன்.

யசோதரா கையை எடுக்கவில்லை. “மார்க்கைக் குறைச்சுக்குங்க சார். இவங்களை இப்படியே வூட்டுக்கு அனுப்ப முடியாது. நான் தேடிட்டு வந்துடுறேன்.”

நான் சபேசனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

புரோப் கீழே இறங்கியது. தொப்புள். அதற்கும் கீழே. நிறைந்திருந்த மூத்திரப்பை. அதற்குச் சற்று மேலே, இடப்பக்கமாக, கொஞ்சம் திரும்பிப் படுத்தபடி — கிட்னி. குடல் இல்லை, சந்தேகமும் இல்லை. ரத்த ஓட்டத்தைக் கலரில் போட்டுக் காட்டினார். ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

“கெடச்சிடுச்சு யக்கா. தோ, இங்க கீது.”

இருசப்பன் தலையைத் தூக்கினார். “அங்க இன்னா பண்ணிக்கினு கீது அது?”

“எல்லாருக்கும் மொதல்ல அங்கதான் உருவாகும்ணா. அம்மா வயித்துல இருக்கும்போதே மேல ஏறி வந்துடணும். உங்களுது ஏறல. அங்கியே நின்னு வேலை பாக்குது. நல்லாத்தான் பாக்குது.”

கஸ்தூரி திரையையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆளே அப்டித்தான் கண்ணு. போயி சேருன்னு சொன்ன எடத்துக்கு ஒரு நாளும் நேரா போயி சேந்ததில்ல.” சட்டையை உதறி அவர் மேல் போட்டார். “எந்திரிய்யா. துன்னப் போலாம்.”

எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் இதை முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யசோதரா இருவரிடமும் இரண்டு தரம் சொல்லி, ரிப்போர்ட்டின் தலையில் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுத்தார்.

எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. இந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்களின் வயதை ஆராய்வது. ஒரு கட்டடத்தின் ஆண்டை மூன்று புத்தகங்களில் ஒரே மாதிரி தவறாகப் படித்திருக்கிறேன். மூன்று பேரும் கல்வெட்டைப் பார்க்கவில்லை. ஒருவர் புத்தகத்தை மற்றவர் பார்த்திருக்கிறார். அப்போது எவ்வளவு சிரித்தேன்... செவ்வாயன்று நான் மட்டும் என்ன செய்தேன்? நார்மல் என்று காகிதம் சொன்னது. கண்ணும் நார்மல் என்று பார்த்தது. மனுஷக் கண் ரொம்ப மரியாதைக்காரக் கண்.

மதியம் மார்க் போட உட்கார்ந்தோம்.

“நேரத்துக்குக் குறைக்கணும் மேடம். ரூல் ரூல்தான்,” என்றார் சபேசன்.

“குறைங்க. கிட்னிக்கு?”

விடைக்குறிப்பில் ‘இடது சிறுநீரகம் நார்மல்’ என்ற வரியை அவரே அடித்தார். ‘இடுப்புக்குழியில்’ என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டார். தேதி போடுகிற மனிதர்களை எனக்குப் பிடிக்கும். பிறகு கூட்டினோம். நேரத்துக்குக் குறைத்த பிறகும் யசோதரா தேறிவிட்டார். அதிகமாக இல்லை, மயிரிழையில். போதும்.

கௌதமைக் கூப்பிட்டு, பதிவான படத்தைக் காட்டினேன்.

“இது என்ன?”

“கிட்னி மாதிரி இருந்துச்சு மேடம்.”

“மாதிரியா?”

அடுத்த சில விநாடிகளின் பதிவை ஓடவிட்டேன். கௌதம் அளந்து சென்டிமீட்டர் கொடுத்த அந்த நீள்வட்டம் மெல்ல ஒரு நெளி நெளிந்தது. கிட்னி நெளியாது. குடல்தான் நெளியும்.

“கிட்னி ரெண்டு இருக்கும்னு முடிவு பண்ணிட்டுத்தான் மேடம் புரோபையே வெச்சேன்,” என்றார் மெதுவாக. கிட்னி மார்க் போயும் அவரும் தேறினார், அடுத்தவரும் தேறினார். அப்படி ஒப்புக்கொண்டதால் எனக்கு அன்று கௌதமை முதல்முறையாகப் பிடித்தது.

சாயந்திரம் யசோதரா சொல்லிக்கொண்டு போக வந்தார். வியாழக்கிழமையே நர்சிங் ஹோமில் திரும்பச் சேர்வதாகச் சொன்னார். முகத்தில் நிம்மதி. எனக்கும்தான். நல்ல நாளாகத்தான் முடிந்தது. டீ வரவழைத்தேன். பேச்சுவாக்கில் கேட்டேன் — போன முறை ஏன் நேரம் போதவில்லை?

“பித்தப்பையைத் தேடிக்கினு இருந்தேன் மேடம். கெடைக்கல. இல்லன்னு சொன்னேன். விடைக்குறிப்புல நார்மல்னு இருந்துச்சாம்.”

அந்தக் குறிப்பை யார், எந்தக் காகிதத்தைப் பார்த்து எழுதினார்கள்?

மறுநாள் அந்தப் பழைய தேர்வின் நோயாளி யார் என்று விசாரித்தேன். ஆபீசில் இருந்த போன் நம்பர் இப்போது கொருக்குப்பேட்டையில் மாவு மில் வைத்திருக்கும் வேறொருவரிடம் இருக்கிறது. ராங் நம்பர் என்று அவர் இரண்டு தரம் பொறுமையாகச் சொன்னார். மூன்றாவது தரம் எடுக்கவில்லை. பழைய முகவரிக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.

இதை எழுதி அனுப்பும் இந்த நிமிடம் வரை, அந்த மனிதருக்குப் பித்தப்பை இருக்கிறதா இல்லையா என்பது சரிபார்க்கப்படவில்லை.