பத்துக் காய்ச் சோதனை

சிறுவாச்சூர் கோயில் வாசலில் கடை வைத்திருந்த ஒருவருக்கு ஏழு வருடம் நான்தான் தேங்காய் போட்டேன். எங்கள் கிணற்றடியில் நிற்கும் முப்பது மரத்துக் காய். அவர் பி.காம். படித்தவர், நான் பத்தாவது. இதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை, என்னையும் மறக்க விட்டதில்லை.

போன வருடம் அவருடைய மச்சான் வெளியூர்க் காயை வேனில் கொண்டுவந்து இறக்கினார். இனி யார் காயை எடுப்பது என்று முடிவு செய்ய இவர் ஒரு சோதனை வைத்தார். என் காயில் பத்து, மச்சான் காயில் பத்து உடைத்தார். என்னுடையதில் இரண்டு அழுகல், மச்சானுடையதில் ஒன்றுமில்லை. போனில் கணக்குப் போட்டு, இருபது சதவீதம் என்று என் முகத்துக்கு நேரே நீட்டினார். பத்தில் இரண்டுக்குப் போன் தேவைப்படுகிற படிப்பு.

எனக்கு எதிர்த்துப் பேச வராது. வீட்டுக்கு வந்து, ஒரே நாளில் பறித்த காயைக் குலுக்கிப் பார்க்காமல், கைக்கு வந்தபடி எடுத்துப் பத்துப் பத்தாக நான்கு குவியல் போட்டு உடைத்தேன். முதல் குவியலில் ஒரு அழுகல், அடுத்ததில் ஒன்றுமில்லை, மூன்றாவதில் இரண்டு, நான்காவதில் ஒன்று. எல்லாம் அதே மரங்கள், அதே தண்ணீர். இரண்டாவது குவியல் நல்ல தோப்பு, மூன்றாவது கெட்ட தோப்பு என்று சொல்ல அவரைப் போன்ற அறிவாளி வேண்டும்.

வெள்ளிக்கிழமை போய் நான்கு குவியல் கணக்கையும் சொன்னேன்.

"பத்தை ஒடச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணே. ரெண்டுலயும் நூறு நூறு ஒடச்சுப் பாருங்க."

"நூறு காய்க்கு யாரு சட்னி அரைக்கிறது அக்கா?"

பூ வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் விற்ற காயைத்தான் கடைக்கு எதிரிலேயே அன்று முழுக்கச் சாமிக்கு உடைத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய் நின்று எண்ணினால் போதும். அதற்கு அவருக்கு உடம்பு வளையாது.

"நாப்பதுல நாலு அழுகல்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே" என்றார் பிறகு. மச்சான் காயில் நாற்பது உடைத்தால் எத்தனை தேறும் என்று அவர் கடைசிவரை பார்க்கவில்லை. அன்றோடு என் காய் நின்றது. அரியலூரில் ஒரு மெஸ் கிடைக்கும்வரை மூன்று மாதம் எல்லாவற்றையும் கொப்பரையாகத்தான் போட்டேன்.

ஆடியில் சாமி கும்பிடப் போயிருந்தேன். ஒரு பெண் அழுகிய மூடியை அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஒண்ணு ரெண்டு அப்படித்தாம்மா இருக்கும். அத வச்சு மொத்தக் காயையும் சொல்லிட முடியுமா?"

ஆக, இந்த நியாயம் அவருக்குத் தெரியாமல் இல்லை. மச்சான் காய்க்கென்று பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.